பூச்சியம் அசையக்கூடாது: டிமென்ஷியாவுக்கான கையடக்க பயோசென்சரைக் கொழும்பில் செய்து சோதிக்கும் முறை

விரல் நுனித் துளியை வைத்ததும் டிமென்ஷியா வருமா வராதா என்று சொல்லிவிடும் கருவி இன்று எங்கும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதற்கு ஒரு படி கீழே: மூளைக் கலங்களிலிருந்து இரத்தத்துக்குக் கசியும் ஒரு புரதத்தை, அறை நிறைந்த இயந்திரம் இல்லாமல், பற்றரியில் ஓடும் ஒரு சிறு சுற்றால் அளப்பது. அதைப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் செய்து பார்ப்பதற்கான குறிப்பு இது. பிப்பெட் பிடிக்கவும் ஒரு மைக்கிரோ கொன்ட்ரோலருக்கு நிரல் எழுதவும் தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. வெறும் வயிற்றில் இரத்தக் குளுக்கோஸ் 90 என்றால், ஒரு மில்லிலீற்றரில் 900 மைக்கிரோகிராம் இருக்கிறது. நாம் தேடும் புரதம் அதே மில்லிலீற்றரில் நூறு பிக்கோகிராம் அளவில்தான் இருக்கும். அதாவது 90 இலட்சம் மடங்கு குறைவு. எனவே இங்கே சமிக்ஞையைப் பெருக்குவது பெரிய வேலையல்ல. புரதமே இல்லாத மாதிரி காட்டும் மின்னோட்டத்தை, அந்தப் பூச்சியத்தை, ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் வேலை. பூச்சியம் ஆடினால் மேலே கட்டியது எல்லாம் ஆடும். கொழும்பில் அதை ஆட்டிவைக்க ஈரப்பதம், சூடு, 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல் என்று மூன்று பேர் எப்போதும் காத்திருக்கிறார்கள்.

எந்தப் புரதம்?

அல்சைமரின் இரத்தக் குறிகாட்டிகளில் இன்று முன்னிற்பது பி-டௌ217. மூளைக் கலங்களின் டௌ புரதத்தில் பொசுபேற்று ஏறிய வடிவம் அது. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பிளாஸ்மாவில் (கலங்களை நீக்கிய இரத்த நீரில்) பி-டௌ217 இற்கும் மூளையில் படியும் புரதமான அமிலொயிட் பீட்டா 42 இற்குமான விகிதத்தை அளக்கும் லூமிபல்ஸ் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. அதுவும் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி தென்பட்டவர்களுக்கு மட்டும். வீட்டுச் சோதனையாக அல்ல. அதைக் கண்டு பி-டௌ217 இலேயே தொடங்கிவிட வேண்டாம். இரத்தத்தில் அது பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 1 பிக்கோகிராமுக்கும் கீழே இருக்கிறது. முதல் முயற்சியில் தொட முடியாத ஆழம். அமிலொயிட் பீட்டா 42 இற்கு வேறு தொல்லை. பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும், தன்னோடு தானே திரளும். தவிர, நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே, பிளாஸ்மாவில் அமிலொயிட் பீட்டா 42 இற்கும் 40 இற்குமான விகிதத்தில் வரும் வித்தியாசம் 10, 15 சதவீதம்தான். உங்கள் சென்சரின் ஆட்டமே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆகவே ஜிஎஃப்ஏபி. மூளையின் அஸ்ட்ரோசைற்றுக் கலங்களுக்குள் இழையாக இருக்கும் புரதம் இது. ஏறத்தாழ 50 கிலோடால்டன். பிளாஸ்மாவில் பொதுவாக நூறு, இருநூறு பிக்கோகிராம் வரிசையில் இருக்கும், அமிலொயிட் படியத் தொடங்கும் காலத்திலேயே ஏறத் தொடங்கும். இன்னொரு தைரியமும் உண்டு. தலையில் அடிபட்டவர்களுக்காக இதே புரதத்தை ஐ-ஸ்டாட் என்ற கைக்கருவி மின்வேதியியல் முறையில் ஏற்கெனவே அளக்கிறது; பிளாஸ்மாவுக்கு 2021 இலும் முழு இரத்தத்துக்கு 2024 இலும் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. முடியும் என்பது நிரூபணமான பாதையில் போவது புத்திசாலித்தனம்.

முறையும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பொன் மின்வாயில் தயோல் படலம் வளர்த்து, அதன்மேல் புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை (அன்டிபொடி) ஒட்டி, மின்தடங்கல் மாற்றத்தை நேரடியாக அளக்கும் வழியைப் பல ஆய்வேடுகளில் காணலாம். தாங்கற் கரைசலில் அழகாக வேலை செய்யும். பிளாஸ்மாவை விட்டதும் அல்புமின் வந்து படிந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மில்லிலீற்றருக்கு 40 மில்லிகிராம் அல்புமினுக்கு முன்னால் 100 பிக்கோகிராம் என்ன செய்யும்? அதனால் இங்கே சொல்வது காந்த மணி முறை: புரதத்தைப் பிடிப்பது மணியின் மேல், கழுவுவது ரியூபில், மின்வாய் கடைசி ஆறு நிமிடத்துக்கு மட்டும்.

வாங்க வேண்டியவை

காபொட்சிலிக் கூட்டம் உள்ள காந்த மணிகள், விட்டம் 2.7 அல்லது 2.8 மைக்கிரோமீற்றர். கீழே உள்ள அளவுகள் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் செறிவுக்கானவை. உங்கள் போத்தலில் 30 என்று இருந்தால் மூன்றிலொரு பங்கு எடுங்கள். ஜிஎஃப்ஏபியின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு பிறபொருளெதிரிகள், இரண்டாவது பயோட்டின் இணைத்தது. இரத்தத்தில் இந்தப் புரதம் முழுதாக மட்டுமல்ல, இரு முனைகளும் வெட்டுண்ட துண்டுகளாகவும் வருவதால், இரண்டுமே புரதத்தின் நடுப்பகுதியைப் பிடிப்பவையாக இருக்க வேண்டும். முனையைப் பிடிக்கும் பிறபொருளெதிரி, தெரிந்த அளவு புரதம் கலந்த நியமக் கரைசலில் பிரமாதமாக வேலை செய்துவிட்டு நோயாளியின் மாதிரியில் பாதியைத் தவறவிடும்.

பிடிக்கும் பிறபொருளெதிரியை வாங்கும்போது பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்), கிளைசீன், டிரிஸ் எதுவும் கலக்காத வடிவத்தைக் கேளுங்கள். மூன்றிலும் அமைன் உண்டு. மணியில் பிறபொருளெதிரி உட்கார வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். கலந்ததுதான் கிடைத்தது என்றால் உப்பகற்றும் நிரலில் ஓடவிட்டு கிளைசீன், டிரிஸ் இரண்டையும் நீக்கலாம். பிஎஸ்ஏ பெரிய புரதம் என்பதால் அப்படிப் போகாது.

பயோட்டினைப் பற்றிக்கொள்ளும் நொதியமான ஸ்ட்ரெப்டவிடின் பெரொக்சிடேஸ், அந்த நொதியத்தால் நீலமாகி மின்வாயில் மின்னோட்டம் தரும், ஒரே போத்தலில் வரும் டிஎம்பி கரைசல், பிறபொருளெதிரியை மணியில் இணைக்கும் ஈடிசியும் என்எச்எஸ்ஸும், எம்ஈஎஸ் தாங்கற் கரைசல், எதனோலமைன், பிஎஸ்ஏ, கழுவலுக்கான ட்வீன் 20. மூன்று மின்வாய்கள் (வேலை, துணை, உசாத்துணை) காபன் மையால் அச்சிட்ட பட்டைகள், வேலை மின்வாய் 4 மில்லிமீற்றர் விட்டம். ஒரு அளவீட்டுக்கு ஒன்று, கழுவித் திரும்பப் பாவிப்பதில்லை.

குளிரில் வர வேண்டிய பொதியை ஓடர் செய்யும்போது கலண்டரையும் பாருங்கள். வெள்ளிக்கிழமையோ போயா விடுமுறைக்கு முதல் நாளோ கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கினால், ஐஸ் உருகிய பெட்டிதான் உங்கள் கைக்கு வரும். உறைய உலர்த்திய தூளாகக் கிடைக்கும் பிறபொருளெதிரிக்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை.

மின்சுற்று

எல்எம்பி91000 என்ற சில்லு ஒன்றே சிறிய பொட்டென்சியோஸ்டாட், அதாவது மின்வாய்க்குக் குறித்த அழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் சுற்று. அதற்கு 2.5 வோல்ற்று உசாத்துணை அழுத்தம், வெளியீட்டைப் படிக்க ஏடிஎஸ்1115, கட்டுப்படுத்த ஒரு ஈஎஸ்பி32, ஒரு லித்தியம் பற்றரி. ஈஎஸ்பி32 இல் உள்ளேயே இருக்கும் அனலொக் உள்ளீட்டை நம்ப வேண்டாம். அது நேர்கோடாகப் படிப்பதில்லை. தடைகள், இணைப்பிகள், பற்றரிப் பெட்டி எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். சில்லுகளை மட்டும் பெயர் உள்ள விநியோகத்தரிடம் வாங்குங்கள்.

அமைப்பு: சில்லின் உள்பூச்சியம் (இன்டர்னல் ஸீரோ) 50 சதவீதம், பெருக்கத் தடை 350 கிலோஓம், மூன்று மின்வாய் அம்பெரோமெற்றி (அழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளப்பது). 350 கிலோஓமில் 100 நனோஅம்பியர் 35 மில்லிவோல்ற்றாக வரும். ஏடிஎஸ்1115 ஐ 4.096 வோல்ற்று வீச்சில் வைத்தால் ஒரு படி 0.125 மில்லிவோல்ற்று, அதாவது 0.36 நனோஅம்பியர். இந்த வேலைக்கு அது தாராளம்.

மின்வாயைச் செருகுவதற்கு முன் பொய்க் கலம் ஒன்றால் சோதியுங்கள். துணை மின்வாய் (கவுண்டர்) முனையையும் உசாத்துணை முனையையும் குறுக்கிணைத்து, அங்கிருந்து வேலை மின்வாய் முனைக்கு 1 மெகாஓம், 1 சதவீத உலோகப் படலத் தடை. சார்பு அழுத்தத்தை 4 சதவீதத்துக்கு வைத்தால் 100 மில்லிவோல்ற்று; வர வேண்டியது 100 நனோஅம்பியர். தடையைக் கழற்றினால் 1 நனோஅம்பியருக்குள் பூச்சியம். இந்த இரண்டு எண்ணும் வராமல் ஒரு துளி பிறபொருளெதிரியையும் செலவழிக்காதீர்கள்.

எண் துடித்தால் பெரும்பாலும் அது 50 ஹேர்ட்ஸ். வினாடிக்கு 250 மாதிரி எடுத்து ஒரு வினாடிச் சராசரியைப் பதியுங்கள்; ஐம்பது அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அதன் பிறகும் துடித்தால் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிப் பாருங்கள். லப்டொப் சார்ஜரிலிருந்து ஏறும் இரைச்சலைப் போல இந்த வேலையைக் கெடுப்பது வேறில்லை. தரவை புளூடூத்தில் போனுக்கு அனுப்பி, அளவீடு முழுக்கப் பற்றரியில் நடத்துவது கையடக்கம் என்ற பெயருக்காக அல்ல, பூச்சியத்துக்காக.

மணிகளைத் தயார் செய்தல்

இருபது அளவீட்டுக்கான அளவு இது. ஈடிசி போத்தலை உறைபெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்தியில் வைத்து, போத்தல் அறை வெப்பத்துக்கு வரும்வரை 45 நிமிடம் பொறுங்கள். கொழும்புக் காற்றில் குளிர்ந்த போத்தலைத் திறந்தால் உள்ளே பனி படியும். ஈடிசி நீரோடு சேர்ந்து செத்துப்போகும். தளர்வான வெள்ளைத் தூளாக இருந்தது கட்டிபட்டு, சுரண்டினால்தான் வருகிறது என்றால் அந்தப் போத்தலின் கதை முடிந்தது. வாங்கிய அன்றே 15 மில்லிகிராம் வீதம் சிறு ரியூப்களில் பிரித்துவிட்டால் இந்தத் தலையிடி வராது.

மணிப் போத்தலை நன்றாக உருட்டிக் கலக்கி 60 மைக்கிரோலீற்றர் எடுங்கள். காந்தத்தில் வைத்து மேல்நீரை அகற்றி, 25 மில்லிமோலர் எம்ஈஎஸ், பிஎச் 5.0 இல் இரண்டு தடவை கழுவுங்கள். ஈடிசி 12.5 மில்லிகிராம், என்எச்எஸ் 12.5 மில்லிகிராம் இரண்டையும் 250 மைக்கிரோலீற்றர் அதே எம்ஈஎஸ்ஸில் கரைத்து, கரைந்த உடனே மணிகளில் விடுங்கள். 35 நிமிடம், 25 பாகை, 950 சுற்று வேகத்தில் குலுக்கல். அது முடிந்ததும் எம்ஈஎஸ்ஸில் இரண்டு கழுவல், அதுவும் வேகமாக. கிளர்ந்த மேற்பரப்பு நீரில் நெடுநேரம் தாங்காது. உடனே மில்லிலீற்றருக்கு 25 மைக்கிரோகிராம் பிடிக்கும் பிறபொருளெதிரி, 250 மைக்கிரோலீற்றர், 30 நிமிடம். அடுத்து 1 மோலர் எதனோலமைன், பிஎச் 8.0, ஒரு மணித்தியாலம். மிஞ்சிய இடங்களை இது மூடும். கடைசியாக 0.1 சதவீத பிஎஸ்ஏ, 0.05 சதவீத ட்வீன் கலந்த பிபிஎஸ்ஸில் இரண்டு தடவை கழுவி, 60 மைக்கிரோலீற்றர் பிபிஎஸ்ஸில் கலக்கி, 4 பாகையில் வையுங்கள். உறையவிடக் கூடாது, உறைந்து உருகிய மணிகள் சேறாகத் திரளும். பிபிஎஸ் என்பது லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2, இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 1.44, பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 0.24, பிஎச் 7.4.

கெட்டுப்போகாமலிருக்கச் சோடியம் ஏசைட்டு போடுவது பலருக்கும் பழக்கம். இங்கே வேண்டாம். ஏசைட்டு பெரொக்சிடேஸைக் கொன்றுவிடும். பூச்சியம் அழகாகத் தாழ்ந்திருக்கும், நியமக் கரைசல்களும் கூடவே தாழ்ந்திருக்கும், காரணம் பிடிபடாமல் ஒரு கிழமை போய்விடும்.

இரத்த மாதிரி

ஊதா மூடி உள்ள ஈடிடிஏ குழாயில் எடுங்கள். சீரம் குழாயையும் ஈடிடிஏ குழாயையும் ஒரே தொடரில் கலக்காதீர்கள். எடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் 2000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். வெண்படலத்தைத் தொடாமல் மேலிருந்து பிளாஸ்மாவை எடுத்து, பொலிபுரொப்பிலீன் ரியூப்கள் நான்கில் பிரித்து −80 பாகையில் வையுங்கள். ஒரு ரியூப் இரண்டு தடவைக்கு மேல் உருகக் கூடாது. தானாகப் பனி நீக்கும் வீட்டு உறைபெட்டி இதற்கு ஆகாது. அது ஒவ்வொரு நாளும் சற்றுச் சூடாகித் திரும்பக் குளிர்கிறது. கரண்ட் போன நேரங்களை உறைபெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் எழுதுங்கள். பின்னால் ஒரு மாதிரி விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளை.

இதற்கெல்லாம் முன்னரே நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். கொழும்பு மருத்துவ பீடம் போன்ற இடங்களில் அதற்கென்றே குழு இருக்கிறது. பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. போனில் ஓடும் உங்கள் அப்ளிகேஷனில் மாதிரியின் குறியீடு மட்டும் இருக்கட்டும்.

அளவீடு

ஒரு மாதிரிக்கு 3 மைக்கிரோலீற்றர் மணி. உருகிய பிளாஸ்மாவை 10,000 ஜியில் 5 நிமிடம் சுழற்றி நார்களை அடியில் இறக்கிவிட்டு, 25 மைக்கிரோலீற்றர் எடுத்து, அதே அளவு ஐதாக்கும் கரைசலோடு கலந்து மணிகளில் விடுங்கள். ஐதாக்கும் கரைசல்: பிபிஎஸ், 1 சதவீத பிஎஸ்ஏ, 0.05 சதவீத ட்வீன், மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் சாதாரண எலி ஐஜிஜி (எலியின் பொதுப் பிறபொருளெதிரி). இந்த எலி ஐஜிஜியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். சிலரது இரத்தத்தில், குறிப்பாக முடக்குவாதக் காரணி உள்ளவர்களில், எலியில் தயாரித்த நம் பிறபொருளெதிரிகள் இரண்டையும் ஒட்டிப் பாலம் போடும் பொருள் இருக்கும். ஜிஎஃப்ஏபி இல்லாமலே சமிக்ஞை எகிறும்.

30 நிமிடம் குலுக்கி, இரண்டு கழுவல். மில்லிலீற்றருக்கு 1 மைக்கிரோகிராம் பயோட்டின் பிறபொருளெதிரி 25 மைக்கிரோலீற்றர், 30 நிமிடம், இரண்டு கழுவல். ஸ்ட்ரெப்டவிடின் பெரொக்சிடேஸ் ஆயிரத்திலொன்றாக ஐதாக்கியது 25 மைக்கிரோலீற்றர், 15 நிமிடம், மூன்று கழுவல். நேரத்தை மிச்சப்படுத்தப் பிளாஸ்மாவையும் பயோட்டின் பிறபொருளெதிரியையும் ஸ்ட்ரெப்டவிடினையும் ஒன்றாக விடும் ஆசை வரும். தலைமுடிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களது பிளாஸ்மாவில் உள்ள பயோட்டின் ஸ்ட்ரெப்டவிடினை முன்கூட்டியே பிடித்து எண்ணைத் தாழ்த்திவிடும். தனித்தனிப் படியாகச் செய்து இடையில் கழுவினால் அது கழுவலோடே போய்விடும்.

கடைசிக் கழுவலில் மணிகளைப் புதிய ரியூபுக்கு மாற்றுங்கள். பூச்சியம் உயர்ந்து நிற்பதற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படும் இடம் இதுதான். பெரொக்சிடேஸ் பழைய ரியூபின் சுவரிலும் மூடியின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டிருக்கும்; அங்கேயே டிஎம்பியை விட்டால் சுவரும் நிறம் கொடுக்கும்.

இனி மின்வாய். பட்டையைத் தாங்கியில் செருகி, வேலை மின்வாய்க்கு நேர் கீழே 4 மில்லிமீற்றருக்கு மேற்படாத நியோடைமியம் காந்த வில்லை ஒன்றை வையுங்கள். மணிகளை 5 மைக்கிரோலீற்றர் பிபிஎஸ்ஸில் கலக்கி வட்டத்தின் நடுவில் விட்டு 30 வினாடி பாருங்கள். கலங்கிய துளி தெளிந்து, அடியில் கறுவாத்தூள் நிறத்தில் ஒரு புள்ளி உட்காரும். புள்ளி வட்டத்துக்கு வெளியே வளையமாக விரிந்தால் காந்தம் பெரிது. வட்டத்தின் ஓரத்தில் பிறை போல ஒதுங்கினால் காந்தம் விலகியிருக்கிறது. இரண்டு நிலையிலும் அளக்காதீர்கள், மாதிரி வீண்தான், ஆனால் பிழையான எண்ணைவிட அது மலிவு. புள்ளி சரியாக இருந்தால் 45 மைக்கிரோலீற்றர் டிஎம்பியை ஓரத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள். துளி மூன்று மின்வாயையும் மூட வேண்டும், பட்டையின் தொடுமுனைப் பக்கம் ஓடக் கூடாது. டிஎம்பி அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு விட்டால் நொதியம் சோம்பிவிடும்.

மேலே ஒரு சிறு பெட்ரி மூடியைக் கவிழ்த்து 5 நிமிடம் காத்திருங்கள். ஏசிக் காற்று நேரே வீசும் மேசையில் 50 மைக்கிரோலீற்றர் துளி அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியச் சுருங்கும். இந்த ஐந்து நிமிடமும் மின்வாய்க்கு அழுத்தம் போகக் கூடாது, நிரலில் சில்லைத் தூங்க வையுங்கள். பிறகு 0 வோல்ற்றில் 60 வினாடி; கடைசிப் பத்து வினாடியின் சராசரிதான் உங்கள் எண். 0 வோல்ற்று ஏன்? ஒட்சியேறிய டிஎம்பி அங்கேயே தாழ்த்தப்படுகிறது. கரைந்த ஒட்சிசன் தாழ்த்தப்படுவதற்கு அது போதாது, ஆகவே வீண் மின்னோட்டம் சேராது. அச்சிட்ட உசாத்துணை வெறும் வெள்ளிப் பூச்சு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். குளோரைட்டுச் செறிவு பத்து மடங்கு மாறினால் அது ஏறத்தாழ 60 மில்லிவோல்ற்று நகரும்; டிஎம்பி வாங்கும் கொம்பனியை மாற்றினால் நியம வளைகோட்டையும் புதிதாக வரையுங்கள்.

பாவித்த பட்டை, ரியூப், கழுவல் நீர் எல்லாம் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணித்தியாலம். அந்த வாளியில் அமிலம் எதையும் ஊற்றாதீர்கள், குளோரீன் வாயு கிளம்பும்.

நியம வளைகோடு

0, 30, 100, 300, 1000, 3000 பிக்கோகிராம் என்று ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் மூன்று பட்டையில். பூச்சியம் மட்டும் பத்துப் பட்டையில். பத்துப் பூச்சியங்களின் சராசரி 40 நனோஅம்பியர், நியம விலகல் 4 என்று வைத்துக்கொள்வோம். 40 உடன் மூன்று தடவை 4 ஐக் கூட்டினால் 52. அந்த 52 இற்குரிய செறிவுதான் உங்கள் கருவியின் அறிதல் எல்லை. அதற்குக் கீழே வரும் எண்ணை எண்ணாக எழுதக் கூடாது, "எல்லைக்குக் கீழ்" என்றே எழுத வேண்டும். 3000 புள்ளித் துளி கண்ணுக்கே நீலமாகத் தெரியும். பூச்சியத் துளியும் நீலித்தால் கருவியைத் திறக்க வேண்டாம், கழுவலைத் திருத்துங்கள்.

தாங்கற் கரைசலில் எடுத்த எல்லையைப் பெருமையாக எழுதிவிட்டு நிறுத்தும் கட்டுரைகள் ஏராளம். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பிளாஸ்மாவில் எடுங்கள். ஜிஎஃப்ஏபி அறவே இல்லாத மனிதப் பிளாஸ்மா கிடைக்காது, எல்லோரிலும் கொஞ்சம் உண்டு. எனவே பலரது பிளாஸ்மாவைக் கலந்து, பிடிக்கும் மணிகளோடு இரண்டு முறை குலுக்கி, புரதத்தை வாங்கியெடுத்த பிளாஸ்மாவையே பூச்சியமாகப் பாவியுங்கள். அதில் தெரிந்த அளவு நியமக் கரைசலைச் சேர்த்து அளக்கும்போது 80 முதல் 120 சதவீதம் திரும்பி வர வேண்டும். 60 என்றால் பிளாஸ்மாவை நான்கு மடங்காக ஐதாக்கிப் பாருங்கள். நாரேஹன்பிட்டி தேசிய இரத்த மத்திய நிலையத்திலிருந்து காலாவதியான பிளாஸ்மாவை அனுமதியோடு பெறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம்தான், ஆனால் இரத்ததானப் பையில் இருப்பது சித்திரேற்று, ஈடிடிஏ அல்ல. பையின் திரவத்தால் ஏற்கெனவே ஐதாகியும் இருக்கும். வளைகோடு ஒன்றிலும் மாதிரி வேறொன்றிலும் என்றால் கணக்குப் பிழைக்கும்.

ஒவ்வொரு நாளும் முதல் பட்டை பூச்சியம், இரண்டாவது 300, கடைசியும் பூச்சியம். காலைப் பூச்சியத்துக்கும் மாலைப் பூச்சியத்துக்கும் இடையே நியம விலகலின் மூன்று மடங்குக்கு மேல் போனால் அந்த நாள் முழுக்கக் கழிவு. மனம் வராதுதான்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே

இதுவரை எல்லாம் ஏசி அறைக்குள். கிளினிக் நடைபாதைக்குக் கொண்டுபோகும்போது வருவது வேறு சங்கடம். 30 பாகையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிபடு நிலை ஏறத்தாழ 26 பாகை. 22 பாகை அறையிலிருந்து வெளியே எடுத்த எந்தப் பொருளும் வியர்க்கும். பட்டையை உற்றுப் பாருங்கள்: மூன்று தொடுகோடுகளுக்கும் இடையே மூக்குக்கண்ணாடியில் படிவது போல ஒரு மங்கல் எழும்பும். பிறகு அதில் ஊசிமுனைத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் பாலம் கட்டும். அந்த நேரத்தில் மாதிரி எதுவும் விடாமலே மின்னோட்டம் காட்டும். துணியால் துடைத்தால் உப்பும் கைரேகையும் பரவி இன்னும் மோசமாகும். கருவியையும் பட்டைகளையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில் மூடியே வெளியே கொண்டுபோய், 40 நிமிடம் அங்கேயே வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். திறந்ததும் வெறும் பட்டையைச் செருகி 1 நனோஅம்பியருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் வேலை செய்பவர்கள் இணைப்பியின் ஊசிகளை மாதமொரு தடவை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைக்க வேண்டும். உப்புக் காற்றில் மங்கிய ஊசி ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. பொன் பூசிய ஊசியை முதலிலேயே வாங்குவது உத்தமம்.

வெளிச் சூட்டில் நொதியம் வேகமாக ஓடும். 25 பாகையில் வரைந்த வளைகோட்டை 31 பாகையில் பாவித்தால் எல்லோருக்கும் ஜிஎஃப்ஏபி கூடியதாகத் தெரியும். சிறு வெப்ப உணரி ஒன்றைத் தாங்கிக்குள் பொருத்தி, ஒவ்வொரு எண்ணோடும் வெப்பநிலையும் பதியுங்கள். 300 நியமத்தை அதே இடத்தில், அதே மணித்தியாலத்தில் ஓட்டி அதை வைத்தே திருத்துங்கள்.

எண்ணை என்ன செய்வது?

ஜிஎஃப்ஏபி வயதோடு ஏறும். பெண்களில் சற்று அதிகம். உடற்பருமன் கூடியவர்களில் தாழ்வாகக் காட்டும். தலையடி, பக்கவாதம் இரண்டிலும் எகிறும். ஆகவே பிறந்த ஆண்டு, பால், உயரம், எடை, கடந்த மாதங்களில் விழுந்தாரா, இவை எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இலங்கையில் இன்னொன்றும் கட்டாயம்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் உள்ள மூளைப் புரதங்கள், குறிப்பாக பி-டௌவும் நரம்பிழைப் புரதமான என்எஃப்எல்லும், மூளையில் எதுவும் நடக்காமலே உயரும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வடமத்திய மாகாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் ஒரு விவசாயியின் மாதிரியை கிரியேட்டினின் இல்லாமல் வாசித்தால், சிறுநீரக நோயை மறதி நோயாக எழுதிவிடுவீர்கள்.

ஞாபகச் சோதனை தனியாக நடக்கட்டும். மொக்கா வினாத்தாளுக்குத் தமிழ் வடிவமும் சிங்கள வடிவமும் உண்டு. 30 இல் 26 என்ற எல்லை வெளிநாட்டில் வகுத்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற அம்மம்மாவுக்கு அதை அப்படியே போட முடியாது. மறதிக்கு பி12 குறைவு, தைரொயிட், மனச்சோர்வு, தூக்க மாத்திரை, கேளாமை என்று திருத்தக்கூடிய காரணங்களும் உண்டு. அவற்றைத் தேடுவது வைத்தியரின் வேலை. அவற்றில் எதையும் உங்கள் கருவி காணாது. அறிகுறி உள்ளவரைத் தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு கொழும்பு 10 இலுள்ள லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷனைச் சொல்லிக் கொடுங்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியாத கருவியின் எண்ணை நோயாளிக்கு முடிவாகச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. சொந்தத் தாய்தகப்பனை ஆசைக்கு அளந்து பார்ப்பதும் இதில் அடங்கும்.

ஆய்வுக்குள்ளேயே ஓர் எண் வழக்கத்துக்கு மேலே நின்றால், அதைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் இன்னொரு நாளில், வேறு தொகுதி மணிகளில், உருகாத ரியூபிலிருந்து திரும்ப அளக்க வேண்டும். பிளாஸ்மாவை முதல் நாளே நான்காகப் பிரித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.